ஐந்து மீனும் ஒரு பூனையும்

தட்டோன், அரசுப் பள்ளி, மழலை வகுப்பு.
ஜூன் மூன்றாம் வாரம்.
தகரக் கூரைமேல் மழை
என்னைவிட உரக்கப் பாடம் நடத்துகிறது.
முப்பத்துநாலு பிள்ளைகள்.
குடைகள் மட்டும் முப்பத்தைந்து;
ஒன்று யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் பாடம், வட்டம் போடுவது.
பர்மிய எழுத்தில் பாதி வட்டம்தான்.
மீதி,
வட்டத்தை எந்த இடத்தில் உடைப்பது என்பது.

மேலே திறந்தால் ப.
நம்முடைய ப-வும் மேலேதான் வாயைத் திறந்து நிற்கும்.
அதை இவர்களிடம் சொல்வதில்லை,
ஒரு நாளைக்கு ஒரு வாய் போதும்.
கீழே திறந்தால், சற்றுக் கனத்த க.
வலப்பக்கம் திறந்தால் ங.

இந்த ங-வைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.
தமிழ்ப் பலகையில்
ஒரு சொல்லையும் தொடங்கிவைக்கத் துப்பில்லாமல்
க-வுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது.
கடல் தாண்டி வந்து
பிழைத்துக்கொண்டது.
ஙா என்றால் இங்கே மீன்.
ஙா என்றால் ஐந்தும்கூட.
ஐந்து மீன் என்று சொல்லச் சொன்னால்
வகுப்பு முழுக்கத் தவளைகள்.

உடைக்காமல் விட்ட வட்டம், வ.
வ என்றால் வயிறு நிறைந்துவிட்டது,
இனி வேண்டாம்.

பதினொரு மணிக்குக் கணக்கு நோட்டைத் திறந்தால்
அதே வட்டம்,
அதே பென்சில் அழுத்தம்.
பெயர் மட்டும் தோன்ஞா.
பூஜ்யம்.
ஒன்றுமேயில்லை.

மி சான் ஒன்னிடம்
பத்துப் புளியங்கொட்டை எண்ணக் கொடுத்தால்
தினமும் ஒன்பது என்பாள்.
பத்தாவது அவள் கன்னத்துக்குள்ளே,
தனக்கா பூச்சுக்குப் பின்னால் புடைத்திருக்கும்.
கையில் இருப்பது ஒன்பதுதானே.
நான் திருத்துவதில்லை.

அன்றைக்குப் பலகையில்
தட்டு வரைந்தேன், தட்டில் ஐந்து மீன்.
பக்கத்தில் பூனை.
ஈரத் துணியால்
மீன்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.
"எத்தனை மிச்சம்?"

வே லின் எழுந்து வந்தான்.
பதிவேட்டில்தான் வே லின்,
வீட்டில் வேலாண்டி.
நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு
ஒரு வட்டம் போட்டான்.
தொடங்கிய இடமும் முடிந்த இடமும்
முதன்முறையாக அவனுக்குச் சேர்ந்தன.
சேர்ந்ததைத் தானே நம்பாமல்
விரலால் தடவிப் பார்த்தான்.

"எங்கே, படி."

"வ."

வாயிலிருந்த கொட்டையைக் கையில் துப்பிவிட்டு
மி சான் ஒன் கத்தினாள்:
"தோன்ஞா! சயாமா, அது தோன்ஞா!"

அவன் பலகையைவிட்டு நகரவில்லை.
மெதுவாக, தமிழில்,
எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:
"பூனையப் பாருங்க டீச்சர்."

நான் தட்டைக் காட்டிக் கேட்டிருந்தேன்.

பூனையைப் பார்த்தேன்.
நான் வரைந்த பூனைதான்,
வரையத் தெரியாமல்
வயிற்றைப் பெரிதாகப் போட்டுவிட்டிருந்தேன்.

மழை விட்டது.
பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு திடீரென்று
நம் வகுப்புக்குள் வந்து விழுந்தது.

மாதக் கடைசியில் படிவம்.
மாணவர்: வே லின்.
பூஜ்யத்தை அறிவார். ஆம். இன்னும் இல்லை.
இரண்டு கட்டத்திலும் குறி போட்டேன்.
தலைமையாசிரியை தௌ கின் ஓன் திருப்பி அனுப்பினார்.
ஓரத்தில் சிவப்பு மையில்:
ஒன்று போதும்.

எதை அழிப்பது?
சரி, இதை, என்று தேய்த்தேன்.
மாதம் மாறியும் ஈரம் மாறாத தாள்.
நைந்து, ஓட்டை விழுந்தது,
நல்ல வட்டமாக.
ஊதித் தள்ளப் போனால்
கீழோரம்வரை கிழிந்துகொண்டது.

மேசையோரம் நின்று
இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த மி சான் ஒன்
கொட்டையை அந்தக் கன்னத்திலிருந்து
இந்தக் கன்னத்துக்கு மாற்றி,
ஓட்டையைச் சத்தமாகப் படித்தாள்:

"க."